தண்ணீர் கேட்காத பேட்டரி

தன் புருஷன் ஆரின் பொய் சொல்வான் என்று மாவிஸ் கனவில்கூட நினைத்ததில்லை. முணுமுணுப்பான், முரண்டு பிடிப்பான், காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் சொல்வான். பொய் மட்டும் அவன் வாயில் வந்ததில்லை. அதனால்தான் சிங்க்குக்குக் கீழே கையை விட்டு டிஸ்டில்ட் வாட்டர் கேனை வெளியே இழுத்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேனின் மூடியில் சீல் உடையாமல் அப்படியே இருந்தது.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று சற்றுமுன்தான் கேட்டிருந்தாள். "ஊத்தினேன், ஊத்தினேன். குளிருக்குத்தான் சார்ஜ் இறங்கிப்போச்சு" என்று காபியைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

இறங்கிப் போனது சாதாரண விஷயமில்லை. ஆரினுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் வியாதி. முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரம் இல்லாமல் படுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த இயந்திரம் ஓடுவது பேட்டரியில். அன்று விடிவதற்கு முன்னால் அது நின்றுபோய், ஆரின் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டவன்போலத் திணறிய சத்தத்தில்தான் மாவிஸ் விழித்தாள். முகமூடியைப் பிடுங்கி எறிந்து, அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தட்டி, மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடே ஒரு வண்டி. பேருந்து நீளம், அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. மின்னசோட்டா வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறியவர்கள், குளிர்காலம் வந்தால் அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே பாலைவனத்தில் வந்து நிற்பார்கள். அவர்களைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். கரண்டு கம்பம் கிடையாது, குழாய் கிடையாது, பக்கத்து வண்டிக்குப் போகச் செருப்புப் போட்டு நடக்கவேண்டும். கூரைமேல் சூரியத் தகடுகள், ஏறும் படிக்குக் கீழே பேட்டரிகள். பகலில் வெயில் கொடுப்பதை இரவுக்குச் சேர்த்துவைத்துப் பிழைப்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு திமிரும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, மாவிஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஆரின் கழிவறையில் இருக்கும் நேரம் பார்த்து அவள் வெளியே போய்ப் படியின் பலகையைத் தூக்கினாள். அதைத் தொடுவதே முதல் தடவை. "ஆசிட், தொடாதே" என்று வண்டி வாங்கிய நாளிலிருந்து அவன் சொல்லிவந்த இடம் அது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு மூடியைத் திருகி, டார்ச் அடித்து எட்டிப்பார்த்தாள். உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு வெளுத்துப்போய் நின்றன. அடுத்ததும் அப்படியே. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஐயோ என்றது அவள் மனசு. இது ஒரு மாதத்தில் வற்றியதில்லை.

ஏன் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. முட்டிதான். படிக்குக் கீழே குனிந்து, மண்டியிட்டு, ஒவ்வொரு கண்ணாகத் தண்ணீர் விடவேண்டும். கிழவனுக்கு மண்டியிட முடியவில்லை, சொல்ல வெட்கம். பாவம் என்று நினைத்தாள். பலகையைச் சத்தமில்லாமல் மூடினாள். கேனைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு.

நேராக ட்வைலாவின் வண்டிக்குப் போனாள். ட்வைலா பத்துப் பதினைந்து குளிர்காலங்களாகப் பக்கத்தில் நிற்பவள். ஒண்டிக்கட்டை. இரண்டு நாய்கள், ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர்கள், ஓயாத வாய்.

"செத்துப்போச்சு, மாவிஸ். தகடு காஞ்சுட்டா அவ்வளவுதான், இனிமே பால் ஊத்தினாலும் எழுந்துக்காது" என்றாள் ட்வைலா. "பேசாம ஏ.ஜி.எம். பேட்டரி போட்டுரு. மூடியே கிடையாது. ஆசிட்டைக் கண்ணாடி நாருல ஊறவச்சு அடைச்சிருப்பான். கவுத்துப்போட்டாலும் சிந்தாது. தண்ணி கேக்காது, நாத்தம் கிடையாது, பூக்காது."

"குனிஞ்சு பாக்கவே வேணாமா?"

"ஆசைப்பட்டா குனிஞ்சு முத்தம் குடுக்கலாம்."

மாவிஸுக்கு உயிர் வந்தது. அந்த ஒரு ராத்திரி அவளைப் பயமுறுத்திவிட்டது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: இதைச் சாக்காக வைத்து யாராவது பாலைவனத்தை விட்டுக் கிளம்பச் சொல்லிவிடுவார்களோ என்று. முப்பது வருஷம் மின்னசோட்டாவின் டுலூத் ஊரில் ஜன்னலே இல்லாத கிடங்கில் பொட்டலம் பிரித்தவள் அவள். காலையில் கதவைத் திறந்தால் தூரத்தில் மலை, நடுவில் ஒரு தடங்கலும் இல்லாத வெளி. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

புதுப் பேட்டரிகள் வந்த அன்று ஆரின் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கூப்பிடாத சம்பந்திபோல உட்கார்ந்திருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே" என்றாள் மாவிஸ்.

"உள்ள என்ன இருக்குன்னு தெறந்து பாக்க முடியாத சாமானை எப்படி நம்புறது?"

"உன்னை நம்பி நாப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தலையா? உள்ள என்ன இருக்குன்னு நான் என்னிக்குப் பாத்தேன்?"

ட்வைலா படிக்குக் கீழே தலையை விட்டபடி சிரித்தாள். ஆரின் சிரிக்கவில்லை. ஆனாலும் அவனால் சும்மா இருக்க முடியுமா? ட்வைலா ஸ்பேனரை வைத்ததுமே, "யம்மா தாயே, நெகட்டிவை முதல்ல கழட்டு! பாசிட்டிவ்ல ஸ்பேனர் வச்சுட்டு வண்டி உடம்புல இடிச்சியானா தீபாவளிதான்" என்று கத்தினான். நம் ஊர்க்காரன் சொல்கிற தீபாவளியை அவன், அமெரிக்காவில் வாணவேடிக்கை விடும் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி என்று சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று மாவிஸைப் போட்டோ எடுக்கச் சொன்னான். பேட்டரி நிற்கும் தட்டில் படிந்திருந்த ஆசிட் பூச்சுக்குச் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றச் சொன்னான். அது நுரைத்துப் பொங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தான்.

பழைய பேட்டரிகளை இழுத்துப் போட்டார்கள். ட்வைலாவின் பேன்ட்டில் ஆசிட் பட்டு, அடுத்த துவைப்பில் சல்லடை ஆகப்போவது உறுதியானது. புதியவை கல்லாய்க் கனத்தன. இரண்டு பெண்களும் "ஒண்ணு, ரெண்டு, ஹேய்" என்று தூக்கி இறக்கி, பட்டை போட்டு இறுக்கினார்கள்.

கடைசி வேலை மட்டும் ஆரினுடையது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சூரியத் தகட்டின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. விளக்கப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, பட்டியலுக்குள் போய், "தண்ணீர்" என்று இருந்ததை "அடைத்தது" என்று மாற்றினான்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க" என்றான். "மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை நான் கொதி போடுவேன் இல்ல? இதுக்கு அது கூடவே கூடாது."

கொதி போடுவது என்றால் வேண்டுமென்றே கரண்டை ஏற்றிப் பேட்டரியைக் குமிழிவிட வைப்பது. தகடுகளில் படிந்த உப்பு உதிரும், குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். அடைத்த பேட்டரியில் தண்ணீர் எங்கே ஊற்றுவது? சூடேறி, உப்பி, உள்ளேயே வெந்து போகும்.

"இப்ப இந்தப் பொட்டி கொதிக்கவே விடாது. 'அடைச்சது'ன்னு மாத்திட்டேன். யாராவது மெனக்கெட்டுத் திரும்ப உள்ள போய் மாத்தினாத்தான் உண்டு. தொடாதீங்க."

"நாங்க எதுக்குத் தொடப்போறோம் பெரிசு" என்றாள் ட்வைலா.

அப்புறம் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. மூச்சு இயந்திரம் விடியும்வரை ஓடியது. மாவிஸ் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். ஒருநாள் மாலை வாசலில் நெருப்பு மூட்டி, மிளகாய் போட்ட பீன்ஸ் கிண்டி, மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழக்கமானவர்களின் வண்டி ஒன்று தெற்கே யூமா பக்கம் போனது. அங்கே பேட்டைகள் உண்டு. வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு கரண்டு கம்பம், குழாய், பக்கத்துக்காரன் இருமினால் கேட்கிற இடைவெளி.

"போறாங்க பாரு, கம்பத்துல கட்டிக்க" என்றாள் மாவிஸ். "மாடு மாதிரி. கழுத்துல கயிறு, எதிர்ல தொட்டி." கையைக் கழுத்தில் வைத்து "ம்மா" என்று கத்தியும் காட்டினாள். வருஷம் தவறாமல் அவள் செய்கிற வேடிக்கை அது. ட்வைலாவுக்குப் புரையேறியது.

"மாடாவது ராத்திரி நிம்மதியாத் தூங்கும்" என்றான் ஆரின்.

"நீ தூங்கலையாக்கும்?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருப்பதை மாவிஸ் கவனித்தாள். வயசு என்று நினைத்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் பான்கேக் சுட்டுப் போடுவது வழக்கம். ஆரின் வரவில்லை என்றான். மாவிஸ் தின்றுவிட்டு, அவனுக்கும் இரண்டைக் காகிதத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு திரும்பினாள். படியில் கால் வைத்தாள். செருப்பு வழியாகவே சூடு தெரிந்ததுபோல் இருந்தது. பிரமை என்று கதவைத் திறந்தாள். சுவர்ப் பெட்டியில் வோல்ட் காட்டும் எண் மளமளவென்று ஏறி நின்றிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு விளக்கு. கொதி.

ஆரின் எதிர்ச் சோபாவில் கையிரண்டையும் முட்டியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தட்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாய்ந்து பொத்தான்களை அமுக்கினாள், எது எதையோ. பிறகுதான் கூரைத் தகட்டின் சுவிட்ச் நினைவுக்கு வந்து அதை இழுத்து அணைத்தாள். எண் சரிந்தது. ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். நல்ல சூடு, ஆனால் கைவைக்கும் சூடுதான். பக்கங்கள் உப்பவில்லை. தப்பித்தது.

"பழக்கதோஷம்" என்றான் ஆரின், அவள் உள்ளே வந்ததும். "முதல் ஞாயிறு இல்லையா. கை தானாப் போயிடுச்சு."

"அறிவிருக்கா உனக்கு? நீதானே சொன்னே தொடாதேன்னு!"

"மறந்துபோச்சு மாவி. கிழவன்தானே."

சரி, போகட்டும் என்று அவளும் குனிந்து தரையில் கிடந்த பான்கேக்கைப் பொறுக்கத் தொடங்கினாள். பாதி பொறுக்கும்போது கை நின்றது. இந்தப் பெட்டி கொதிக்கவே விடாது என்று சொன்னவன் அவன். யாராவது மெனக்கெட்டு உள்ளே போய் மாற்றினால்தான் உண்டு என்று சொன்னவனும் அவன். பழக்கத்தில் கை ஒரு பொத்தானை அமுக்கும். பூட்டைத் திறந்து, பட்டியலைத் தேடி, "அடைத்தது" என்பதைத் "தண்ணீர்" என்று மாற்றி, ஆமாம் என்று உறுதிசெய்து, அதற்கப்புறம் அமுக்குமா?

"நீ மறக்கல" என்றாள்.

அவன் சுவர்ப் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தான்.

"அந்தத் தண்ணிக் கேன். சீல் உடைக்காம இருந்ததே. அதுவும் மறக்கலையா?"

"பாத்துட்டியா?" என்றான் மெதுவாக.

"முட்டி வலி, சொல்ல வெக்கப்படுறான் பாவம்னு நெனச்சேன்டா!"

"நீ அப்படி நெனச்சுக்கட்டும்னுதான் விட்டேன்."

மாவிஸுக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. கையில் இருந்த பான்கேக்கை அவன்மேலேயே வீசினாள். "செத்திருப்பே! என் கண்ணெதிரே செத்திருப்பே! உன் மூச்சு ஓடுற பேட்டரியை நீயே காய விடுவியா? பைத்தியமா உனக்கு?"

"ஒருநாள் நின்னா, நீயே பயந்து, வா கம்பத்துக்குப் போயிடலாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்." சட்டையில் ஒட்டிய சிரப்பை விரலால் வழித்துக்கொண்டே பேசினான். "நீ என்னடான்னா ஓடிப்போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துட்டே. அதுவும் தண்ணியே கேக்காத பேட்டரி. இனிமே எதைச் சாக்கு சொல்லுவேன்?"

"புதுசுல மெஷின் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஓடுதான்னு பாக்க நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். நீ தூங்கினப்புறம் எழுந்து வந்து அந்த நம்பரைப் பாப்பேன். போய்ப் படுப்பேன். மறுபடி வந்து பாப்பேன். நாளெல்லாம் மேகம் போட்டிருந்தா சாப்பாடு எறங்க மாட்டேங்குது, மாவி. நின்னுபோனா என்ன பண்றது? நீ எழுந்திருக்காம போயிட்டா? ஆஸ்பத்திரி எங்கேயோ கிடக்கு. காலையில எழுந்து நீ என்னை அப்படிப் பாக்கணுமா? எனக்குப் பயமா இருக்கு."

எழுபது தாண்டியவன். மின்னசோட்டா பனியில் கிணறு தோண்டுகிற இயந்திரம் ஓட்டியவன். பயம் என்ற சொல்லை அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"இதை வாயத் தொறந்து சொன்னா என்ன? சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா நீ ம்மான்னு கத்துவே."

அவளுக்குச் சுரீர் என்றது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமும் அவள் அடித்த கூத்து முழுக்க ஒரே மூச்சில் நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் இவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். கீழே பேட்டரிகளின் சூடு இன்னும் ஆறவில்லை. எதிரே மலை வெயிலில் பழுப்பாக, பளிச்சென்று கிடந்தது.

கொஞ்சம் கழித்து அவன் வந்து பின்னால் நின்றான்.

"எனக்கு இங்கதான் மூச்சு வருது, ஆரின்" என்றாள் திரும்பாமல்.

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவள் அழுதாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். அவன் கதவைப் பிடித்து, முனகிக்கொண்டே மெல்ல இறங்கி, அந்தக் குறுகிய படியில் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முட்டி வலி நிஜமாகவும் இருக்கத்தான் செய்தது.

"சுத்தி வளைக்காம இப்ப சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"கம்பம் வேணும், மாவி. ப்ளக்கை மாட்டிட்டு அதை மறந்துட்டுத் தூங்கணும்."

அவள் மலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

கிளம்புகிற அன்று ட்வைலா நாய்களோடு வந்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள். "புத்தம்புது பேட்டரியை வச்சுக்கிட்டுக் கம்பத்துக்குப் போறவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். மாவிஸ் அவளைக் கட்டிக்கொண்டு, "வந்தா கொஞ்சம் புல்லு எடுத்துட்டு வா" என்றாள். ட்வைலா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

யூமா பேட்டையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் நடு வரிசை. இடப்பக்கம் ஒரு வண்டி, வலப்பக்கம் ஒரு வண்டி, எதிரே ஒரு வண்டியின் முதுகு. மலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. தடித்த கேபிளை ஆரின் தூக்கப் போனான்; மாவிஸ் பிடுங்கிக்கொண்டாள். இழுத்துப்போய்க் கம்பத்துப் பெட்டியில் தானே சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். வண்டிக்குள் ஃபிரிட்ஜ் உறுமும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். ஆரின் அவள் முகத்தையே கவலையாகப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். மாவிஸ் கையைக் கழுத்தில் வைத்தாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து "ம்ம்மா" என்றாள்.

அக்கம்பக்கத்து வண்டிகளில் திரைகள் விலகின. ஆரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். எவ்வளவு காலமாயிற்று இவன் சிரித்து என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தான். மாவிஸ் படிப் பலகையைத் தூக்கினாள். பேட்டரிகளைத் துண்டிக்கும் சுவிட்சில் பிரித்துவைத்தால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் பெரிதாக இறங்காது என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருந்தது. பழையது என்றால் ஒரு கோடை தாங்காது. சுவிட்சைத் திருப்பி, பலகையை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். எதிர் வண்டியின் முதுகைப் பார்த்தாள். பிடிக்கத்தான் இல்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை, நாளைக்கும் பிடிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து வண்டியில் யாரோ இருமினார்கள்.

உள்ளே மூச்சு இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெயில் சாயும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணைப் பார்க்க அவன் ஒரு தடவைகூட எழுந்து வரவில்லை.